வாங்க, டொலர் ஆள்

செங்கலடிச் சந்தியில, ஆள் சேரட்டும் எண்டு பஸ் நிண்டது. எனக்கு முன் சீற்றில ரெண்டு கம்பஸ் பிள்ளைகள், மடியில கொம்பியூட்டரை விரிச்சு வைச்சிருந்தாங்க. அதில ஒருத்தி சொன்னாள்:

"என்னகா இது, எக்கோ கட்டளை போட்டா 'வாங்க, டொலர் ஆள்' எண்டு விழுகுது?"

டொலர் எண்டதும் நான் காதைக் குடுத்தன்.

"ஒற்றை மேற்கோளுக்குள்ள போட்டா டொலர் அடையாளத்தையும் எழுதினபடி அப்படியேதான் காட்டும். இரட்டை போடு. 'ஆள்' எண்ட பெட்டிக்குள்ள எந்தப் பேரை வைச்சியோ, அது வரும்."

தட்டினாள்.

"இப்ப 'வாங்க' மட்டும் வருகுது. பக்கத்தில வெறுமை."

"பெட்டிக்குள்ள பேரே வைக்கல்லயா? வைக்காட்டி அது பிழை எண்டும் சொல்லாது, வெறுமையா விட்டிரும்."

"யார்ட பேரை வைக்க?"

"ஒண்டும் அறியாத புள்ள! கட்டார்ல இருந்து வாறன் வாறன் எண்டுற உன்ட மச்சான்ட பேரை வையன்."

அவள் சிரிக்கல்ல. மெல்லத் தட்டினாள்.

"வாங்க, சுதன்" எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சாங்க.

பஸ் வெளிக்கிட்டுச் சித்தாண்டி தாண்டியும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரியாத்தானே வருகுது. மறுகா என்னத்துக்குகா தட்டுறாய்?"

"ஒவ்வொரு தட்டுக்கும் வாறாரேகா."