சந்தனம் வச்ச டிஸ்க்

வெண்மதி: தொடாதீங்க சார்! ஆயுத பூஜையில வச்சது. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்.

எழிலன்: மேடம்... அது பேக்கப் டிஸ்க்கு.

வெண்மதி: இருக்கட்டுமே. நம்ம பிரஸ்ஸு கட்டிங் மெஷினுக்குப் பொட்டு வச்சேன், பழைய சர்வருக்கு வச்சேன், நீங்க கடலூர்லேருந்து தூக்கியாந்த புதுசுக்கும் வச்சேன். அது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?

எழிலன்: பழசுக்குமா? ஓடிக்கிட்டே இருக்கும்போதா?

வெண்மதி: ஆஃப் பண்ணிட்டுத்தான். மாலை ஃபேன்ல மாட்டிக்கிச்சுன்னா?

எழிலன்: ஆஃப்... பண்ணிட்டீங்களா?

வெண்மதி: ஏன் சார், மூஞ்சி இப்பிடிப் போவுது?

எழிலன்: அணைக்காதீங்கன்னு நேத்தே சொன்னேனே. கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு... ஒருக்கா நின்னா மறுபடி எழுந்திரிக்குமான்னே தெரியாது.

வெண்மதி: காப்பி முடியறவரைக்கும்னு நெனச்சேன். சரி, அதான் எல்லாத்தையும் டிஸ்க்குல ஏத்திட்டீங்கல்ல?

எழிலன்: ஏத்தினேன். ஆனா இங்கேருந்தே தெரியுது பாருங்க. ஒயர் சொருகுற எடத்துல சந்தனம் எறங்கியிருக்கு.

வெண்மதி: அய்யய்யோ... தண்ணியா கரைச்சிட்டேன்.

எழிலன்: காயட்டும். காய்ஞ்சா வந்தாலும் வரும்...

வெண்மதி: வந்தாலும் வருமா? ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை பூரா அதுலதான் இருக்கு சார்! சேத்தியாத்தோப்புக் கல்யாணம் நாளான்னிக்கு டெலிவரி. அப்பா போனப்பறம் இந்த பிரஸ்ஸ நான் எப்பிடி நிமுத்துனேன்னு... கடைசியில நானே ஒரு பொட்ட வச்சு...

எழிலன்: மேடம், அழாதீங்க.

வெண்மதி: யாரு அழுவுறா? சாம்பிராணிப் பொக.

எழிலன்: சாம்பிராணி இன்னும் போடவே இல்லையே.

வெண்மதி: அப்ப... பக்கத்துக் கடைப் பொக.

எழிலன்: இந்தாங்க, என் பையத் தெறங்க. டிபன் பாக்ஸுக்குக் கீழ, துண்டுல சுத்தியிருக்கும் பாருங்க.

வெண்மதி: இது... இன்னொரு டிஸ்க்கா?

எழிலன்: ஒரே காப்பிய நம்பி எவனாவது சர்வர் மாத்துவானா? நேத்தே ரெண்டா எடுத்துட்டேன். எல்லாத்தையும் சரிபாத்தாச்சு. ஒரு ஃபைலு கூட போவல.

வெண்மதி: பாவி மனுசா! உசுரே போயி வந்துச்சு... இருங்க. நேத்தே ரெடின்னா, நேத்தே புதுசுல ஏத்தியிருக்கலாம்ல?

எழிலன்: ஏத்தியிருக்கலாம்.

வெண்மதி: பின்ன?

எழிலன்: ஏத்திட்டா... அப்பறம் இங்க வர சிதம்பரம் பஸ் ஏற என்னா சாக்கு சொல்றது?

வெண்மதி: சாக்கா?

எழிலன்: தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இப்பவே முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பிடுறேன். ஓ... புதுசும் பூஜையில இருக்கே. நாளைக்குத்தான் தொடணும்ல?

வெண்மதி: எழிலன்...

எழிலன்: என்னா, 'சார'க் காணோம்?

வெண்மதி: எங்க பிரஸ்ஸுல அந்த வழக்கமே கெடையாது. போன வருசம் படைச்ச கையோட மெஷின ஓட்டி, அன்னிக்கே பத்திரிகை குடுத்தோம். நாளைக்கும் நீங்க வரணுமேன்னுதான்... ஒன்னு விடாம பொட்டு வச்சேன்.