மாடிக்குக் குடிவந்தவர்கள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பாசஞ்சரில், என் எதிரே ஒரு கணவனும் மனைவியும். கணவர் அன்றுதான் குவைத்திலிருந்து வந்திருந்தார். கயிறு கட்டிய பெட்டி காலடியில் இருந்தது.

“வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரிச்சுட்டு மாடி எடுக்கச் சொன்னேனே, முடிஞ்சுதா?” என்றார் அவர்.

“முடிஞ்சுதுங்க. டீச்சர் குடும்பம் போன வாரமே மாடிக்கு வந்து பால் காய்ச்சிட்டாங்க.”

“எந்த டீச்சர்?”

“வாடகைக்கு வந்தவங்க. கீழ உங்க தம்பி இருக்காரு.”

“அப்ப நாம?”

“நாமதான் குவைத் போறோமே. எனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் வந்துருச்சு.”

“குவைத்துக்கா? யாரு சொன்னா?”

“நீங்கதாங்க. இனிமே தனியா இருக்க முடியாது, எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு போன்ல சொன்னீங்க.”

“ஆமா. அதான் வேலையை விட்டுட்டு வந்துட்டேன்.”

“லீவுல வர்றீங்கன்னு நினைச்சேன்.”

“வீட்டை எடுத்துக் கட்டச் சொன்னா வேற எதுக்குன்னு நினைச்ச?”

“காலியாப் போட்டுட்டுப் போனா இடிஞ்சு போயிரும்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

பூதலூரில் இறங்கினார்கள். வண்டி கிளம்பும்போது கணவரின் குரல் ஜன்னல் வழியே கேட்டது.

“டீச்சர்கிட்ட நமக்கு ஒரு ரூம் மட்டும் கேட்டுப் பாக்கலாமா?”