நம்பத்தகுந்த வட்டாரம்

சிட்னியின் ஹோம்புஷில் ரயில் ஏறிய இரண்டு பேர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த கூடைப்பந்து வீரர்கள் அணி மாறுகிற வாரம் அது. தொப்பி போட்டிருந்தவர் போனைப் பார்த்தபடியே தொடங்கினார்.

“இந்த நிருபரை மட்டும் நம்பாதை மச்சான். அவன், வீரர்களுக்குப் பேரம் பேசுற ஒரு ஏஜென்டின்ர வாய்.”

“எப்பிடிச் சொல்லுறாய்?”

“அந்த ஏஜென்டின்ர ஆள் நாலு பொயின்ட் எடுத்தா, ‘அணிக்கு முதுகெலும்பு’ எண்டு எழுதுவான். வேற ஏஜென்டின்ர ஆள் முப்பது எடுத்தா, ‘பந்தை ஒருத்தருக்கும் குடுக்கிறானில்லை’ எண்டு எழுதுவான்.”

“அப்ப எங்கட அணியின்ர நெட்டைப் பெடியன் சிட்னியை விட்டுப் போறான் எண்டு அவன் எழுதினதும் பொய்யோ?”

“இல்லை, அது உண்மை. பேஸ்புக்கில ரசிகர் பக்கத்தில அதை முதல்ல போட்டதே நான்தான்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பொழுது போகேல்லை, சும்மா போட்டனான்.”

“அப்ப எப்பிடி உண்மை எண்டுறாய்?”

“பின்னேரம் பாத்தா, ‘நம்பத்தகுந்த வட்டாரம்’ எண்டு அவன் எழுதியிருக்கிறான். அதைப் படிச்சாப் பிறகு, பெடியன் போகப்போறானே எண்டு எனக்குச் சோறு இறங்கேல்லை, மச்சான்.”