முந்திரி மரத்தடியில் வைத்தது

நெய்வேலி நகரியம் போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க புருஷன் பெண்டாட்டி. சுரங்கத்துக்காக எடுக்கப்போகும் அவர்களுடைய முந்திரித் தோப்பை அன்று காலையில்தான் சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

“தோப்புல புதையல் எதுனா இருக்கான்னு சர்வேயரு கேட்டப்ப, இருக்குன்னு சொல்லியிருக்கணுங்க,” என்றார் அந்த அம்மா.

“அவரு தமாசுக்குக் கேட்டாரு. புதையல்னா பொன்னு, வெள்ளி.”

“யாரு சொன்னது? புதைச்சி வெச்சதாலதான அந்தப் பேரே வந்துது? பொன்ன மட்டுமா புதைக்கிறாங்க?”

“மெதுவா பேசு.”

“கைக்கொழந்தையா போன நம்ம பொண்ண, மேக்கால முந்திரி மரத்தடியில நீங்கதான வெச்சீங்க? மெஷினு வந்து மண்ணோட வாரிக்கினு போயிடுங்க.”

“எத்தினி வருசமாச்சி. அங்க இனிமே என்னா இருக்கப்போவுது?”

“அப்பறம் அந்த மரத்தண்ட போவசொல்ல மட்டும் நீங்க ஏன் செருப்ப கழட்டுறீங்க?”

ஆர்ச் கேட் ஸ்டாப் வந்ததும் அவர் சட்டென்று எழுந்தார்.

“எறங்கு, வூட்டுக்குத் திரும்பிப் போவலாம். மண்ணு வெட்டுற அந்தச் சின்ன மம்முட்டிய எங்க வெச்சிருக்க?”