அம்மா ரூமுக்கு ஒரு மெழுகுவத்தி

— தாழம்பூன்னு சொல்லியாச்சே கமலி, இன்னும் எத்தனை தடவை சொல்றது? கமகமன்னு இருக்கு. அணைச்சுடு, போறும்.

— இன்னும் கொஞ்சம் கிட்டக்க வெச்சுண்டு சொல்லுங்கோம்மா. அவசரமே இல்லை.

— டப்பா மேலேயே தாழம்பூ படம் போட்டிருக்கே.

— டப்பாவைப் படிக்கச் சொல்லலை. மோந்து பார்க்கச் சொன்னேன்.

— மோந்துதான் சொன்னேன். என்னடீம்மா இது, பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி! மாட்டுப்பொண்ணு கேள்வி கேட்க, மாமியார் கையைக் கட்டிண்டு பதில் சொல்லணுமாக்கும்.

— ஜஸ்ட் ஒரே ஒரு கேள்வி. போன மாசம் இதே ரூம்ல வெட்டிவேர் ஒண்ணு ஏத்தினேனே. அதுக்கும் இதுக்கும் என்ன வித்யாசம்?

— அது வேர், இது பூ. இதுகூடவா தெரியாது?

— அம்மா, டப்பாதான் தாழம்பூ. உள்ளே இருக்கறது வெறும் சோயா மெழுகு, ஒரு நூல் திரி. ஒரு சொட்டு வாசனை எண்ணெய்கூடக் கிடையாது. வாசனை போடாம அனுப்புங்கோன்னு தனியா சொல்லி வரவழைச்சேன். நேத்து ராத்திரி டப்பாவை மாத்தினேன்.

— டப்பாவை மாத்தினியா?

— கமகமன்னு இருக்கா இப்போ?

— ஏன் கமலி இப்படிப் பண்ணினே?

— ரொம்ப நாளாவே சந்தேகம். உங்க ரூம்ல நாத்தம் அடிக்கறதுன்னு முதல் தடவை சொன்னேனே, ஞாபகம் இருக்கா? வேற யாரா இருந்தாலும் புடவைத் தலைப்பை எடுத்து மோந்து பார்த்திருப்பா. எங்கேடீ அடிக்கறதுன்னு சண்டைக்கு வந்திருப்பா. நீங்க முகம் வெளுத்துப் போய் சோப்பை எடுத்துண்டு நேரே தீர்த்தமாடப் போயிட்டேள். அன்னிக்கே பொறி தட்டித்து.

— ரங்கா, ரங்கா.

— ரங்கனைக் கூப்பிட்டு என்ன? எத்தனை வருஷமா இப்படி?

— அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல வாசனை தெரியாமப் போச்சு. ஆத்துல எல்லாரும் ஒண்ணா முடங்கிக் கிடந்தோமே, அப்போ. எல்லாருக்கும் திரும்பி வந்துடுத்துன்னு சொன்னா. எனக்கும் வந்துடும்னு இருந்தேன், கேட்டியா. வரவே இல்லை.

— அதை மறைச்சுண்டு தினம் தளிகை பண்ணிண்டு இருக்கேள். சாத்துமுதுக்குப் பெருங்காயம் போட்டாச்சா இல்லையான்னே தெரியாம.

— ஏன் தெரியாது? கடுகு வெடிக்கற சத்தம் கேட்காதா? நெய் உருகற நிறம் தெரியாதா? எல்லாத்துக்கும் கடியாரம் வெச்சிருக்கேன். பருப்பு வறுபட ஏழு நிமிஷம், மிளகு பொரிய ரெண்டு. ஒருநாள் உப்புக் குறைச்சல்னு என் பிள்ளை கோவர்தன் சொல்லியிருப்பானா?

— மோந்து பார்க்காமலேயா?

— பெருமாள் முன்னாடி வெச்சு அவர் கண்டருளற வரைக்கும் தளிகையை மோந்து பார்க்கப்படாது. எங்கம்மா நாள்லேர்ந்து இந்த ஆசாரம். அதுதான் என்னைக் காப்பாத்தித்து. கொஞ்சம் மோந்து பாரேன்னு இந்த ஆத்துல என்னை யாருமே கேட்டதில்லை. இன்னிக்கு நீதான் கேட்டே.

— அப்போ பெருமாளையும் சேர்த்து ஏமாத்தியிருக்கேள்.

— அவன் கிட்டே சொல்லிட்டுத்தான் பண்றேன். மனுஷாள் கிட்டேதான் பயம்.

— பயப்பட வேண்டியதுதான். ப்ளெயினா சொல்லிடறேன். இதெல்லாம் என் போன்ல ரெக்கார்ட் ஆயிண்டிருக்கு.

— எதுக்கு?

— கோவர்தனுக்கு. காட்டூர் பக்கத்துல அந்த முதியோர் இல்லம் பார்த்துட்டு வந்தோமே, வெள்ளிக்கிழமை ஒரு ரூம் காலியாறது. அம்மாவுக்கு என்ன குறை, எதுக்கு அங்கே கொண்டு போய் விடணும்னு ஆறு மாசமா உங்க பிள்ளை பிடிவாதம். இதைக் கேட்டா வாயைத் திறக்க மாட்டார். கேஸ் கசிஞ்சாத் தெரியாத மனுஷியை அடுப்படியில விட அவருக்கு மனசு வருமா?

— அடுப்பை நீ எடுத்துக்கோ கமலி. இன்னிக்கே எடுத்துக்கோ. நான் ஒரு மூலையில பெருமாள் திருவாராதனத்தைப் பார்த்துண்டு கிடக்கேன்.

— மூலையே வேண்டாம்னுதானே சொல்றேன். எனக்கு இந்த ரூம்தான் வேணும். ஆன்லைன் கிளாஸ் எடுக்க இடம் இல்லாம மொட்டை மாடில உக்காந்துண்டு இருக்கேன்.

— இந்த ரூம்லதான் உன் மாமனார் கடைசி மூச்சு விட்டார்.

— அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து நாத்தமும் ஆரம்பிச்சுடுத்து. மாசம் மூணு மெழுகுவத்தி வாங்கறேன் உங்களுக்காக. ஊதுவத்தி வெச்சா மூச்சு முட்டறதுன்னேள். சாதா மெழுகு கரி படியும்னு, சோயாவுல பண்ணினதா, மரிக்கொழுந்துன்னும் எலுமிச்சைன்னும் நிஜ எண்ணெய் விட்டதா, தேடித் தேடி வரவழைக்கறேன். கதவைச் சாத்தி ரெண்டு மணி நேரம் எரிய விட்டாத்தான் யாரையாவது ஆத்துக்குள்ளே கூப்பிட முடியறது. எத்தனை மெழுகுவத்தியாலேம்மா உங்களை மறைக்கறது?

— அவ்வளவா அடிக்கறது?

— அவ்வளவு அடிக்கறது.

— ரெண்டு வேளை தீர்த்தமாடறேனே.

— உடம்போட ஊறிப்போன நாத்தம். தேய்ச்சாப் போகாது.

— புடவையெல்லாம் வெந்நீர்ல போட்டு அலசறேன். பெட்டியில வெட்டிவேர் வெச்சிருக்கேன். தலைக்கு எண்ணெய் தடவறதைக்கூட விட்டுட்டேன். போறதா போகலையான்னு என்னால கண்டுபிடிக்க முடியலையே. நீ சொல்றதைத்தானே நம்பிண்டு இருக்கேன்.

— அதான் உண்மையைச் சொல்றேன். வேற யார் சொல்லுவா?

— அன்னிக்கு கோயில் சேவை வரிசையில என் முன்னாடி நின்ன பொண்ணு மூக்கைப் பொத்திண்டான்னு சொன்னியே, அது நிஜமா?

— கண்ணால பார்த்தேன்.

— நான் பார்க்கலை. பெருமாளைப் பார்த்துண்டு இருந்தேன். அதுக்கப்புறம் கோயிலுக்கே போகலை நான். கோபுரம் இந்த ஜன்னல்லேர்ந்து தெரியறது. மூணு வைகுண்ட ஏகாதசி இங்கே உக்காந்து கையைக் கூப்பினேன். உள்ளூர்லயே இருந்துண்டு வரலையேன்னு கேட்கறவா கிட்டெல்லாம் முட்டிவலின்னு பொய் சொன்னேன்.

— நல்லதுதானே பண்ணினேள். நாலு பேர் முகம் சுளிக்கறதுக்கு ஆத்துலயே இருக்கலாம். அந்த இல்லத்துல உங்க மாதிரி இருக்கறவாதான் எல்லாரும். யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டா.

— கமலி, ஒரு வருஷம் குடு. அவர் திதி இன்னும் ஒண்ணு இந்த ஆத்துலயே முடிஞ்சுடட்டும்.

— முடியாது. கோவர்தன் ஆறு மணிக்கு வருவார். நானே போறேன், எனக்கு அங்கே பிடிச்சிருக்குன்னு நீங்களா சொல்லிடுங்கோ. ரெக்கார்டை அழிச்சுடறேன். சொல்லலைன்னா ஓட விட்டுடுவேன். அப்புறம் எப்படியும் போகத்தான் போறேள், பொய்க்காரின்னு பேரும் வாங்கிண்டு.

— இதுக்கெல்லாம் மனசு எங்கேருந்துடீ வரது உனக்கு?

— அழாதீங்கோ. அழுதா அதுவும் ரெக்கார்ட் ஆகும்.

— சரி. அழலை. ரெக்கார்ட் இன்னும் ஓடறதோன்னோ?

— ஓடறது.

— ஓடட்டும். அங்கே யார், பாத்திரம் தேய்க்க வந்த வேலம்மாளா?

— நான்தாங்க! அய்யய்ய, என்னங்கம்மா இது? பால் தீஞ்சு தெருமொன வரைக்கும் நாறுது! கோலமாவுக்காரம்மா மூக்கப் பொத்திக்கிட்டு என்னான்னு என்னையக் கேக்குது. பாத்திரம் அடியோட கரியாப் போச்சுங்க. ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு என்னதாங்க பண்ணுறீங்க?

— அடுப்பை அணைச்சுட்டு ஜன்னலைத் திற வேலம்மா. நான்தான் வெச்சேன்.

— பார்த்தேளா? பார்த்தேளா? இதைத்தானே சொன்னேன்! பாலை வெச்சுட்டு மறந்து போயிட்டேள், கருகற நாத்தம்கூட உங்களுக்குத் தெரியலை. இதைவிட என்ன சாட்சி வேணும்?

— மறக்கலை. நீ இந்த ரூமுக்கு வான்னு கூப்பிட்டதும், ஒரு கரண்டிப் பாலை வேணும்னுதான் அடுப்புல வெச்சுட்டு வந்தேன். அரை மணி ஆறது. எனக்குத் தெரியலைதான். உனக்குத் தெரிஞ்சுதா?

— என்ன? அது… மெழுகுவத்தி எரியறதோன்னோ, அந்த வாசனையில…

— ஒரு சொட்டு வாசனைகூடக் கிடையாதுன்னு நீதானே சொன்னே.

— எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்மா.

— வேலம்மா, போன வாரம் கமலி ரூம்ல என்ன கிடந்துது?

— எலிங்க. அலமாரிக்குப் பின்னால செத்து, புழு வச்சுக் கெடந்துச்சு. வாசப்படியிலயே எனக்குக் கொமட்டிருச்சு. மூணு நாளா இதுக்குள்ளதான் படுத்தீங்களாம்மான்னு கேட்டேன், முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. ஐயா வெளியூரு போயிருந்தாருங்க அப்ப.

— நீ போய்ப் பாத்திரத்தை ஊறப் போடு. அன்னிக்குத்தான் எனக்குப் பொறி தட்டித்து கமலி. எனக்கு வந்த அதே காய்ச்சல்தானே உனக்கும் வந்துது, கேட்டியா. மெழுகுவத்தி பக்கத்துல நீ வெச்ச போனை நான் எடுத்துண்டாச்சு.

— அம்மா, அந்தப் போனை இப்படிக் குடுங்கோ. குடுங்கோம்மா, ப்ளீஸ்.

— தரேன், கோவர்தன் கையில தரேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் சொல்லு. கூப்பிடு தூரத்துல இருந்துண்டு மூணு வருஷமா நான் பெருமாளைச் சேவிக்கலை. என் உடம்பு நாறறதுன்னு சொன்னியே, எந்த மூக்கால மோந்துட்டுடீ சொன்னே?