அடியில் மூன்று பேர்

— ஐயா, வெளிய வாங்க ஐயா. கட்டில்னா மேல படுத்துத்தான் பாப்பாங்க. நீங்க அடியில பூந்துக்கிட்டா நான் எப்படி வியாபாரம் பண்றது?

— மேல படுக்க எவனுக்கும் தெரியும். மேல வழவழன்னுதான் வெச்சிருப்பே. உன் யோக்கியதை அடியிலதான் தெரியும்.

— அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்களேன். கடைக்கு வந்தவங்கெல்லாம் வேடிக்கை பாக்குறாங்க.

— பாக்கட்டும் தம்பி. நாப்பது வருஷமா நான் ஒருத்தியே பாத்துக்கிட்டிருக்கேன்.

— ஏய், அங்க என்ன சிரிப்பு? இந்தப் பலகையைத் தட்டிப் பாரு. அப்பளம்! மேல கூரை விழுந்தா தாங்குமா இது?

— கூரையா? உங்க வீட்டுல கூரை விழுதா ஐயா?

— இன்னும் விழல. யார் கண்டா?

— அகதி முகாம்லேருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகுது தம்பி. இந்த ஊர்ல நாய்கூடக் கேட்டுட்டுத்தான் குரைக்குது. ஆனா மேல்வீட்டுக்காரி நாற்காலியை இழுத்தா போதும், குண்டுதான் விழுதுன்னு இவரு என்னையும் இழுத்துக்கிட்டுச் சுவரோரமா சுருண்டுடுவாரு. தரையில படுத்துப் படுத்து என் முட்டி போச்சு. மனநல டாக்டரம்மாதான் சொன்னாங்க, கட்டில் வாங்கி மேல படுங்க, சண்டை முடிஞ்சுதுன்னு உடம்பு தானா நம்பும்னு.

— அவ கிடக்குறா. மனசு எப்படி இருக்குன்னு கேட்டா. பசிக்குதுன்னேன். அதையும் எழுதிக்கிட்டா.

— அப்போ இதைப் பாருங்கம்மா. பெட்டிக் கட்டில். அடியில முழுக்க இழுப்பறை. போர்வை, தலையணை எல்லாம் போகும். ஆள் மட்டும் போக முடியாது.

— இதேதான் தம்பி! பில்லைப் போடு.

— போடுவான். நீ மேல ராணியாட்டம் படு. என்னை மடிச்சு இழுப்பறையில வெச்சுடு.

— இனிமே நீங்க மேலதான் படுக்கணும். முடியாதுன்னா சுவரைக் கட்டிக்கிட்டுக் கிடங்க. உங்ககூட நான் தரையில படுக்க மாட்டேன். சொல்லிட்டேன்.

— தம்பி, அவ பேச்சைக் கேக்காதே. இந்த இரும்புக் கட்டில் பரவாயில்ல. அகலம் என்ன?

— ஆறடி ஐயா. ரெண்டு பேர் தாராளமா உருளலாம்.

— அடியில மூணு பேர் படுக்கணும்.

— வீட்டுல எத்தனை பேரு?

— ரெண்டு.

— கணக்கு உதைக்குதே ஐயா!

— உன் கணக்கை நீ பாரு. நீளம்?

— ஆறேகால் அடி. நீங்க அஞ்சடிக்கு மேல ஒரு விரக்கடை இருப்பீங்களா? காலை நீட்டினாலும் மிச்சம்.

— பத்தாது. கால் வெளிய வரும்.

— யாரோட கால் ஐயா?

— என்னடி, பில்லைப் போடச் சொன்னே? இப்ப எதுக்கு இழுப்பறையைத் தள்ளி மூடுறே?

— தம்பி... இழுப்பறைக் கட்டில் வேண்டாம்ப்பா.

— அதேதான் வேணும்னீங்களேம்மா!

— இந்த மனுஷன் இத்தனை நாளும் தனக்கு ஒளிய இடம் பாக்குறாருன்னு நினைச்சுட்டேன். ஏழடி நீளத்துல இருந்தா காட்டு.

— ஏழடியா? உங்க வீட்டுல அவ்வளவு உயரம் யாரும்மா?

— எங்க பையன். ஆறடி நாலங்குலம் இருந்தான். வீட்டு மேல குண்டு விழுந்த அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுட்டு அவன் பூந்தப்போ, இடுப்பு வரைக்கும்தான் இடம் இருந்துச்சு.