எந்தக் கால்ல வலி, அத்தான்?

— குதிரைக்கு வலி முன்னங்கால்லயா, பின்னங்கால்லயா? சரியாச் சொல்லுங்க அத்தான்.

— வலது முன்னங்கால். இதுக்கு உன் டாக்டர் படிப்பெல்லாம் வேணாம் மச்சினி, கண்ணு இருந்தாப் போதும். அந்தக் காலை ஊனும்போதெல்லாம் தலை பொத்துனு கீழே போகுது.

— அக்கா, கயித்தைத் தளர்த்திப் பிடிச்சுக்கிட்டு, சிமெண்டுத் தரையில கொஞ்சம் ஓட்டிக் காட்டு.

— ஐயோ, வேணாம்! வாயில்லா ஜீவன்! நாளைக்குப் பந்தயத்துல நான் ஏறத் தயார்தான். ஊரெல்லாம் சொல்லியாச்சு, உங்கப்பா வேற முன்வரிசையில உக்காரப் போறார். என்ன பண்றது, குதிரைக்குக் கொடுத்து வைக்கல.

— வழியை விடுங்க நீங்க. வா ராஜா, வா... பாத்தியாடி?

— பாத்தேன்க்கா. தலை ஆடவே இல்ல. அத்தான், வலிக்கிற கால் தரையில படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால்லதான் கீழே போடும். நீங்க சொல்றபடி பாத்தா இடது கால்லதான் வலி.

— அதேதான்! இடது கால்!

— அதையும் தடவிப் பாத்துட்டேன். வீக்கமில்ல, சூடில்ல, குளம்புல கல்லுமில்ல. ஜம்முனு இருக்கு. நாளைக்குத் தாராளமா ஏறுங்க.

— ஏறிட்டாப் போச்சு... ஆ! அம்மா!

— என்னங்க ஆச்சு?

— முழங்கால் பிசகிடுச்சு!

— நின்ன இடத்துலயா?

— நிக்கிறப்பதான் பிசகும். உனக்கென்ன தெரியும்?

— வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க அத்தான், பாக்கறேன்... அதென்ன, அடிக்கொரு தரம் வானத்தைப் பாக்கறீங்க?

— வலிச்சா தலையைத் தூக்கணும்னு நீதானே சொன்னே!

— குதிரைக்குச் சொன்னேன். போகும்போது வலது கால்ல நொண்டினீங்க, வரும்போது இடது கால்ல நொண்டறீங்க.

— பரவுது போல.

— பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்லிடுங்களேன்.

— யாருக்குப் பயம்? ஏதோ... வாங்கும்போது இவ்வளவு உயரமாத் தெரியல.

— விடுடி, நொண்டிட்டுப் போகட்டும். இந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன். பந்தயத்துக்கு என் பேரைத்தான் குடுத்திருக்கேன்.